மாமனார் மறந்துவைத்த குடை

மூங்கில் பிடி போட்ட கறுப்புக் குடை ஒன்று எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இன்னும் தொங்குகிறது. கம்பிகள் வளைந்துவிட்டன. விரித்தால் ஒரு தோள் கட்டாயம் நனையும். என் மாமனாரின் குடை அது. மழைக்கோ வெயிலுக்கோ அவர் அதை விரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. யார் வீட்டு வாசலிலாவது மறந்துவைத்துவிட்டு வருவதற்கென்றே அதை எடுத்துக்கொண்டு போவார்.

1991இல் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லாட்ஜுக்குப் பின்புறம் ஒற்றை அறையில் குடியிருந்தோம். எனக்கு ஏழாவது மாதம். அங்கிருந்த அத்தனை குடித்தனத்துக்கும் ஒரே கக்கூஸ். காலையில் அதற்கு முன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பேன். "கொழந்த பொறந்தா வேற எடம் பாத்துக்கோங்க" என்று அறைக்குச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார். அந்த வருஷம் மே மாதத்துக் குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்த ஊரில் புதுமுகம் என்றாலே வீடு கொடுக்கத் தயங்கினார்கள். எந்த ஊர், யாரைத் தெரியும், என்ன ஆளுங்க என்று துருவித் துருவிக் கேட்டார்கள். அந்தக் கடைசிக் கேள்வி மட்டும் மே மாதத்துக்கு முன்பும் இருந்ததுதான். நான் ஊர்த்தெருவில் பிறந்தவள். என் கணவர் வல்லம் பக்கத்துக் காலனியில் பிறந்தவர். எங்கள் கல்யாணத்துக்கு என் பிறந்த வீட்டிலிருந்து ஈ காக்கை எட்டிப்பார்க்கவில்லை.

கணவர் வேலை செய்த கம்பெனியில் மறைமலை நகரைச் சொன்னார்கள். நேர்நேரான தெருக்கள் கொண்ட புது ஊர். பேங்க் உத்தியோகஸ்தர், மலையாள நர்ஸ், மரக்கடை பாய், திருநெல்வேலி ஃபிட்டர் என்று கலந்துகட்டி இருக்கிறார்கள், யாரும் யாரையும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்றார்கள். கேட்டவுடனே எனக்குப் பிடித்துவிட்டது. அதே காரணத்துக்காக மாமனாருக்குப் பிடிக்கவில்லை.

"எல்லா சனமும் கலந்து கீதுன்னு வாயால சொல்றது சுளுவும்மா. தண்ணி கேட்டுப் பாத்தாத்தான் தெரியும்" என்றார்.

அதுதான் அவருடைய பரீட்சை. வாழ்நாளில் பாதியை அடுத்தவர் வயலில் ஏர் ஓட்டியே கழித்தவர். தாகம் என்றால் வரப்பில் குனிந்து இரு கைகளையும் குவித்து நிற்க வேண்டும்; சொம்பைத் தூக்கிப் பிடித்து மேலிருந்து ஊற்றுவார்கள். அதனால் எந்த இடத்துக்குப் போனாலும் ஒரு வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்பார். டம்ளரில் கொடுத்தால் மட்டும் நம்பிவிடமாட்டார். குடையைச் சுவரோரம் சாய்த்துவிட்டுத் தெருமுனை வரை நடப்பார். பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டு, ஐயோ குடை என்று திரும்புவார். அந்த இடைவெளியில் டம்ளருக்கு என்ன ஆனது என்று பார்க்கத்தான் இவ்வளவு நாடகமும்.

கணவருக்கு ஷிப்ட், அது முடிந்தால் ஓவர்டைம். அதனால் வீடு பார்க்க நானும் மாமனாரும்தான் பஸ் ஏறினோம். முதலில் பார்த்த வீட்டின் மாடி காலியாக இருந்தது. கீழே ஒரு பேங்க்காரர் குடும்பம். அந்த அம்மாள் பிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் சிரித்த முகத்தோடு கொடுத்தார். "நாங்கல்லாம் எந்த வித்தியாசமும் பாக்கறதில்லீங்க" என்று, யாரும் கேட்காமலே சொன்னார். எனக்கு அங்கேயே பால் காய்ச்சிவிடலாம் போலிருந்தது. குடைக்காகத் திரும்பிப் போனோம். டம்ளர் குரோட்டன்ஸ் செடிக்குப் பக்கத்தில் வெறும் தரையில் கிடந்தது. அந்த அம்மாள் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கையால் தொடாமல் தூரத்திலிருந்து அதன்மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எச்சில் டம்ளரைக் கழுவத்தானே செய்வாங்க மாமா?" என்று தெருவில் முணுமுணுத்தேன்.

"கழுவுறது வேற, தீட்டு கழிக்கிறது வேற. உங்கம்மா வூட்டுல நீ பாத்ததில்லியா?"

பார்த்திருக்கிறேன். கொல்லைப்புற மாடத்தில் தனியாக ஒரு டம்ளர் கவிழ்ந்திருக்கும்.

இப்படியே வீடுகள் கழிந்துகொண்டே போயின. என் கால்கள் வீங்கிவிட்டன. கடைசியாக ஒரு தெருக்கோடி வீடு. சொந்தக்காரர் சென்னையில் இருந்தார், சாவி பக்கத்து வீட்டு டீச்சரிடம். நடுத்தர வயது, நெற்றியில் பொட்டில்லை, கழுத்தில் சிறிய சிலுவை. அதிகம் பேசாமல் கதவைத் திறந்துவிட்டார். உள்ளேயே குளியலறை, உள்ளேயே கக்கூஸ். மாமனார் தண்ணீர் கேட்டார். வந்தது, குடித்தார், குடையைச் சாய்த்தார், கிளம்பினோம். தெருமுனை வரை போய்த் திரும்பினால், டீச்சர் குடையோடு கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, உங்க குடை."

மாமனாருக்கு முகம் செத்துவிட்டது. "பாத்தியா, கேட்டாண்டயே நிறுத்திட்டா. உள்ள டம்ளரு இன்னா ஆச்சோ. இது வாணாம்மா."

பஸ் ஸ்டாப்பில் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "மாமா, புள்ள பொறக்கறதுக்குள்ள எனக்கு ஒரு வீடு வேணும். டம்ளரை நான் பாத்துக்கறேன்" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அவர் ஒரகடம் தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார்.

அந்த வீட்டுக்கே குடிபோனோம். மாமனார் எங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் டீச்சர் வீட்டில் தண்ணீர் குடித்து, குடையை விட்டுவிட்டு வருவார். அவர் திரும்புவதற்குள் குடை கேட்டுக்கு வந்துவிடும். "உசாரான பொம்பள" என்பார். எனக்குச் சிரிப்பாக வரும்.

மகன் பிறந்த பிறகு ஒரு மாலை டீச்சர் கம்பளிக் குல்லா ஒன்றோடு வந்தார். குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சினார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன், வாய் வைத்துக் குடித்துவிட்டுக் கிளம்பினார். பால் கொடுக்கிற காலத்துத் தாகம் சொல்லி மாளாது. கையெட்டும் தூரத்தில் அந்த டம்ளர்தான் இருந்தது. அதிலேயே தண்ணீரை ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தேன். அப்போது டீச்சர் திரும்பி வந்தார். "பர்ஸை வச்சிட்டுப் போயிட்டேன்" என்றவரின் பார்வை பர்ஸ் பக்கம் போகவே இல்லை. என் வாயில் இருந்த டம்ளரைப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

பேரனைப் பார்க்க வந்து மூலையில் உட்கார்ந்திருந்த மாமனார் நாற்காலியில் கிடந்த பர்ஸைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். "நீங்க பர்ஸா டீச்சரம்மா? நான் குடை."

டீச்சர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "எங்கப்பாவும் இப்படித்தான் துண்டை வச்சிட்டு வருவாருங்கய்யா. மொத நாளே உங்க குடையைப் பாத்ததும் புரிஞ்சிபோச்சி. உங்களை எதுக்கு உள்ளவரைக்கும் வந்து பாக்க வெக்கணும்னுதான் எடுத்துகினு வந்தேன். மருமக மட்டும் ஊர்த்தெருப் பொண்ணுன்னு கேள்விப்பட்டேன். அதான் பாத்துடலாம்னு..."

மாமனார் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "கல்யாணமான புதுசுல இவ குடித்தனம் வந்த வூட்டுலயும் நான் வெச்சிருக்கேன், குடைய."

எனக்குச் சுருக்கென்றது. பெற்றவர்களை விட்டு வந்தவளுக்கு இதுதானா மரியாதை என்று அன்றிரவு கணவரிடம் அழுதேன். எந்த ஊர் நல்ல ஊர் என்று நாங்கள் தேடிக்கொண்டிருந்தபோது, அந்தத் தெருவில் சந்தேகத்துக்கு உரியவளாக இருந்தவள் நான் ஒருத்திதான். கோபம் ஆற வெகுகாலம் பிடித்தது. ஆனால் அன்று முதல் மாமனாரின் குடை எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கியது. மறைமலை நகரை நல்ல இடம் என்று மட்டும் அவர் கடைசிவரை சொல்லவில்லை. "பரவால்ல" என்பார், அவ்வளவுதான்.

போன வாரம் மகன் ஒரகடம் பக்கம் ஒரு அடுக்குமாடி வீட்டைக் காட்டக் கூட்டிப்போனான். கிளம்பும்போது, வானம் வெளுத்துக் கிடக்க, குடை எதற்கு என்று கேட்டான். சும்மா என்றேன். அவனுடைய தாத்தா ஏர் ஓட்டிய வயல்கள் அந்தப் பக்கம்தான். "எல்லா ஸ்டேட் ஆளுங்களும் இருக்காங்கம்மா. யாரும் எதுவும் பாக்கமாட்டாங்க" என்றான். விற்பனைப் பையன் மரியாதையாக ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினான். மூடி திறக்காத பாட்டில். குடித்துவிட்டுத் தூக்கிப் போட வேண்டியதுதான். அதைக் கழுவுகிறவரும் இல்லை, கழிக்கிறவரும் இல்லை. அதில் யார் மனசு தெரியும்?

பாட்டிலை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, எதிரே ஆள் குடியிருந்த வீட்டின் மணியை அடித்தேன். இந்தி கலந்த தமிழில் பேசிய ஒரு பெண் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். வாய் வைத்துக் குடித்தேன். நன்றாகத்தான் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

லிப்டின் கதவு மூடப்போகும் நேரத்தில் மகன் பதறினான். "அம்மா, குடைய அங்கியே விட்டுட்டியே!"

"தெரியும்டா. கொஞ்ச நேரம் போகட்டும்."