அணைந்த அடுப்பில் பிரௌனி

என் வீட்டுக்காரரின் பிறந்தநாள் போன வருஷம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஆம்பூரில் நான் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருக்கிறேன். அவருக்குத் தோல் தொழிற்சாலையில் கழிவுத் தொட்டிகளைச் சுத்தம் செய்யும் வேலை. கல்யாணமான புதிதில் வேலூர் பேக்கரி ஒன்றில் எனக்குப் பிரௌனி வாங்கித் தந்துவிட்டு, அதில் பாதியை அவரே தின்றுவிட்டார். அதை வீட்டிலேயே செய்து கொடுக்க ஆசைப்பட்டேன்.

கொஞ்ச நாளாகவே அவரிடம் ஏதோ சரியில்லை. குழம்பு சப்பென்று இருக்கிறதென்று உப்பை அள்ளிப் போட்டுக்கொள்வார். ஒருநாள் பால் தீய்ந்து வீடே நாறியபோதும் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "சளிதான், வேற இன்னா" என்றார். ஆனால் அவர் ஒரு தும்மல் போட்டுக்கூட நான் பார்க்கவில்லை.

வீட்டில் ஓவன் கிடையாது. குக்கரில் உப்பைப் பரப்பி, மூடியின் ரப்பரையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, உள்ளே கிண்ணத்தை வைத்துச் சுடுவேன். வெண்ணெயும் சாக்லேட்டும் உருக்கி, முட்டை, சர்க்கரை, மைதா, கோகோ கலந்து ஊற்றினேன். அடுப்பை சிம்மில் வைத்துவிட்டு முந்திரி வாங்கக் கடைக்குப் போனேன். அவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்தபோது வாசலிலேயே கேஸ் நாற்றம் மூக்கில் அடித்தது. உள்ளே ஓடினேன். ஜன்னல் காற்றில் அடுப்பு அணைந்திருந்தது. அதன் முன்னால் அவர் கையில் லைட்டரோடு குனிந்துகொண்டிருந்தார்.

"வேணாங்க! பத்த வைக்காதீங்க!"

அப்படியே நின்றுவிட்டார். "இன்னா ஆச்சு? அணைஞ்சிருந்திச்சி, அதான்..."

"கேஸ் இவ்ளோ நாறுதே, தெரியல?"

மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். மறுபடியும் உறிஞ்சினார். "இல்லியே" என்றார்.

சிலிண்டரை மூடி, ஜன்னல் கதவையெல்லாம் திறந்துவிட்டு, அவரை வெளியே இழுத்து வந்தேன். மாடிப்படியில் உட்கார்ந்தோம்.

"எத்தன நாளா இப்படி?"

"மூணு மாசம் இருக்கும்."

தொட்டிக்குள் சில சமயம் விஷவாயு கிளம்பும், அழுகின முட்டை மாதிரி நாறினால் உடனே மேலே ஏறிவிடுவோம் என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

"அப்போ தொட்டியில எப்படித் தெரிஞ்சிக்கிறீங்க?"

"கூட இருக்கறவங்க ஏறினா நானும் ஏறுவேன்."

"தனியா இறங்கறப்போ?"

"கேஸ் போயிடிச்சான்னு நீயே போய்ப் பாரு" என்றார்.

நாற்றமெல்லாம் போன பிறகு மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்தேன். பிரௌனி நடுவில் அமுங்கிப்போய்தான் வந்தது. இரண்டு துண்டு தின்றார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"மெத்துனு இருக்கு" என்றார். ருசியைப் பற்றி அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

மறுநாள் நான் லீவு போட்டுவிட்டு அவரோடு தொழிற்சாலைக்குப் போய் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேக்கிங் பக்கம் மாற்றிவிட்டார்கள். அப்புறம் டாக்டரிடம் காட்டினோம். தொட்டி வாயுவால்தான் மூக்கு கெட்டிருக்கும், வாசனை திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். இதுவரை திரும்பவில்லை.

தொட்டி வேலைக்கு இப்போது வேறொருவரைப் போட்டிருக்கிறார்கள். அவருக்குக் கல்யாணமாகி ஆறு மாசம்தான் ஆகிறதாம்.

"நடந்ததை அவர்கிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"சொன்னேன். சரிண்ணேன்னு தலையாட்டினான். அப்புறம் உள்ள இறங்கினான்."