ஜப்பானுக்குப் போன சாவி

இத்தாலியின் பலேர்மோவில் நான் வேலை செய்த வீட்டு டாக்டர், நண்பர்களோடு கோல்ஃப் விளையாட ஜப்பானின் மலைப்பகுதிக்குப் போயிருந்தார். "பத்திரமாக இருக்கட்டும்" என்று என் கடவுச்சீட்டை வாங்கித் தன் மேசை லாச்சியில் பூட்டியிருந்தார். சாவியும் அவரோடு போய்விட்டது. எனக்கோ மறுநாள் காலை கெஸ்தூரா என்ற காவல் தலைமையகத்தில் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். கடவுச்சீட்டு இல்லாவிட்டால் அனுமதி காலாவதியாகிவிடும்.

பல்லரோ சந்தைக்கருகில் இருந்த தொலைபேசிக் கடையிலிருந்து அவருடைய விடுதிக்கு அழைப்பு எடுத்தேன். கேட்க வேண்டியவற்றை வரிசையாக எழுதி வைத்திருந்தேன். அவர் என்னைப் பேசவே விடவில்லை.

"மூன்று நாளாக மலையெல்லாம் மூடுபனி! அடித்த பந்து எங்கே போகிறதென்றே தெரியவில்லை. இவ்வளவு தூரம் வந்து சூப் குடித்துக்கொண்டிருக்கிறேன். உன் விஷயத்தை வந்து பார்க்கிறேன்."

என் அறையில் கூட இருந்த சுகந்தி அக்காவிடம் கொதித்தேன். "அவருக்குப் பந்துதான் பெரிசு அக்கா."

"நீ ஊரிலை மெசின் வேலை படிச்சனியெல்லே? பிறகேன் அந்தாளிட்டைக் கெஞ்சுறாய்?"

திருப்புளியோடு டாக்டர் வீட்டுக்குப் போய் மேசைக்கு அடியில் படுத்தேன். நான்கு திருகாணிகளைக் கழற்றியதும் லாச்சியின் அடிப்பலகை இறங்கியது. கடவுச்சீட்டு என் நெஞ்சில் விழுந்தது. பலகையைத் திரும்பத் திருகிப் பொருத்தினேன். மறுநாள் அனுமதி கிடைத்தது.

டாக்டர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். "கடவுச்சீட்டு இனி என்னிடமே இருக்கட்டும்" என்றேன்.

"சரி" என்றுவிட்டுப் பத்திரிகையைப் புரட்டினார்.

இரண்டு வருடமாக அந்த மேசையைத் துடைத்திருக்கிறேன். ஒருநாளும் கடவுச்சீட்டைத் திருப்பிக் கேட்டதில்லை. அவ்வளவு லேசாக வந்த அந்தச் "சரி"யை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.