கவுஞ்சிக்கு மேலே புகை

அறுபதுகளின் தொடக்கம். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் கணவர் பழனியில் பள்ளிக்கூட வாத்தியார்; பூகோளம் எடுப்பார். கொடைக்கானல் மலையில் கவுஞ்சி என்ற ஊருக்கு மேலே ஒரு பாறை இடுக்கிலிருந்து சாயங்காலங்களில் வெள்ளைப் புகை வருவதாக யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து வேறு பேச்சே இல்லை. செத்துப்போன எரிமலையாக இருக்கலாம், வெந்நீர் ஊற்றாக இருக்கலாம் என்று சாப்பிடும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். கோடை விடுமுறையில் இருவருமாகப் போய், ஒரு ராத்திரி மலையில் தங்கிப் பார்ப்பது என்று முடிவானது. மாமியாரிடம் கொடைக்கானல் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று சொல்லியிருந்தார். அதற்குத்தான் நான் தேவைப்பட்டேனோ என்று எனக்கொரு சந்தேகம்.

பூம்பாறைவரை பஸ். அதற்குமேல் நடை. அவர் முதுகில் பழைய பட்டாளத்துப் பையும் சுருட்டிய தார்ப்பாயும். என்னிடம் அரிசியும் பானையும். பூண்டு வயல்களைத் தாண்டியதும் நடுவயசு ஆள் ஒருவர் பின்னாலிருந்து வந்து சேர்ந்துகொண்டார். தலையில் சாக்கு மூட்டை.

"எங்கிட்டுப் போறீங்க?"

"கவுஞ்சிக்கு மேலே. ராத்திரி அங்கதான் தங்கப்போறோம்" என்றார் கணவர்.

"அங்கிட்டு என்ன சோலி? வெறும் குளிருதான் கெடக்கு."

"பாறையிலிருந்து புகை வருதாமே, அதைப் பாக்கணும்."

அந்த ஆளின் நடை நின்றது. "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க" என்றார். அதன்பிறகு அவர் எங்களை முந்திப் போகவுமில்லை, பின்தங்கவுமில்லை. நாங்கள் நின்றால் அவரும் நின்று காலில் தைத்த முள்ளைப் பார்ப்பதுபோல் குனிந்தார். குனிந்தபடியே கணவரின் காக்கிக் கால்சட்டையையும் பூட்ஸையும் கவனித்தார்.

மூட்டையில் என்ன என்று கேட்டதற்குப் பூண்டு என்றார். சாக்கின் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது. காற்று திரும்பியபோது பூண்டு வாடை வரவில்லை. புளித்த வெல்ல வாடைதான் வந்தது. என் பிறந்த வீட்டில் பஞ்சாமிர்தக் கடை இருந்ததால் அந்த வாடை எனக்குப் பழக்கம். மதுவிலக்கு இருந்த காலம் அது. மலையில் புகைவது சாராய அடுப்பு என்று புரிந்துவிட்டது. காக்கியைப் பார்த்து எங்களைப் போலீஸ் என்று நினைக்கிறார் என்பதும்.

கணவரிடம் சொல்லலாம் என்றால், அவருக்கு மெதுவாகப் பேச வராது. வகுப்பில் பேசுகிற குரல்தான் எங்கேயும். பேசாமல் நடந்தேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் புல்சரிவில் இரண்டு மரங்களுக்கு நடுவே தார்ப்பாயைக் கட்டினோம். அந்த ஆள் எதிரே இருந்த காட்டுக்குள் இறங்கி மறைந்தார். சற்று நேரத்தில் அந்தக் காட்டின் தலைக்குமேல் வெள்ளையாக ஒரு கோடு எழுந்தது. எழுந்த வேகத்தில் நின்றும்போனது.

"பாத்தியா! விட்டுவிட்டு வருது. எரிமலைக்கு அதுதான் அடையாளம்!" கணவர் குழந்தைபோல் என் கையைப் பிடித்து உலுக்கினார்.

நான் அடுப்பு மூட்டி உலை வைத்தேன். அது கொதிக்கும் முன்பே அந்த ஆள் திரும்பி வந்தார். கூட இரண்டு பேர். ஒருவர் கையில் அரிவாள்.

"நெசத்தச் சொல்லுங்க. நீங்க யாரு?"

"நான் பழனியில பள்ளிக்கூட வாத்தியார்" என்றார் கணவர்.

"வாத்தியாருன்னா பாடம் நடத்துங்க, கேப்போம்."

கணவருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்! உட்காரச் சொன்னார். அப்போதுதான் கொதிக்கத் தொடங்கிய பானையைக் காட்டி ஆரம்பித்தார். பூமியின் வயிற்றில் பாறையே கஞ்சியாகக் கொதிக்கிறது, மூடி தாங்காதபோது பொங்கி வெளியே வருகிறது என்றார். அரிவாள்காரர் முதலில் நின்றுகொண்டே கேட்டார். பிறகு குத்தவைத்தார். நான் அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கல்லு உருகி வந்தா ஊரு என்னாகும்?" என்றார் அவர்.

"மூடிப்போகும்."

"ஆடு மாடெல்லாம்?"

"அதுகளுக்கு முன்னாடியே தெரிஞ்சிரும்னு சொல்றாங்க."

அவர் அரிவாளைப் புல்லில் வைத்துவிட்டு இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். அதன்பிறகுதான் நான் உலையில் அரிசியைப் போட்டேன். அந்த நேரம் பார்த்துக் கணவர், "விடிஞ்சதும் அந்தப் புகை வர்ற இடத்தைக் காட்டுறீங்களா?" என்று கேட்டுவைத்தார். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்குக் காய்ச்சல் அடிக்குதுங்க" என்றேன் அவசரமாக. "அங்கயெல்லாம் என்னால வரமுடியாது. விடிஞ்சதும் பஸ்ஸுக்குப் போயிருவோம்."

கணவர் முறைத்தார். மூட்டைக்காரர் என் முகத்தையே சிறிது நேரம் பார்த்தார். "வெள்ளனே கெளம்பிருங்க தாயி. நானே வழி காட்டுறேன்" என்றார்.

அன்றிரவு நான் கண்ணை மூடவில்லை. விடிந்ததும் மூட்டைக்காரர் சொன்னபடி வந்து நின்றார். பூம்பாறைவரை முன்னால் நடந்தார். பஸ் கிளம்பும்வரை எதிர்க்கடை ஓரத்திலேயே நின்றார். அப்போதும் அவர் எங்களை முழுதாக நம்பியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

பழனி திரும்பிச் சில வாரங்கள் கழித்துத்தான் கணவரிடம் உண்மையைச் சொன்னேன். எரிமலை இல்லையென்றானது அவருக்கு அவ்வளவு பெரிதாகப் படவில்லை. "அப்ப பாடம் கேக்கணும்னு அவங்க உக்காரலையா?" என்றுதான் கேட்டார். முகம் வாடிவிட்டது.

"அரிவாள் வச்சிருந்தவர் நெசமாத்தான் கேட்டார்" என்றேன். அது பொய்யில்லை. ஆனால் கணவர் நம்பவில்லை.