லோசலினே குறை சொன்ன நாள்

லோசலினே கழுவிய சேப்பங்கிழங்கில் மண்ணைக் கண்டுபிடித்தவன் இன்னும் பிறக்கவில்லை. தோங்கா தீவிலிருந்து கப்பலேறும் கிழங்கைக் கழுவி மூட்டை கட்டும் கொட்டகையில் அவளுக்கு இருபத்திரண்டு வருஷம். மற்றவர்கள் நாரால் ஒரு தேய் தேய்த்துவிட்டுப் போவார்கள். அவளோ பல் துலக்கும் பிரஷ் ஒன்றை வைத்துக்கொண்டு, தண்டு வெட்டிய இடத்துச் சுருக்கங்களைக்கூட விடமாட்டாள். “நான் பெத்த புள்ளைங்களுக்கே இப்படிக் காது கழுவி விட்டதில்ல” என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். வாய் கொஞ்சம் நீளம்தான். அப்படி உழைக்கிறவளுக்கு அது தகும்.

போன கப்பலில்தான் வந்தது வினை. பக்கத்துப் பெரிய நாட்டுத் துறைமுகத்தில் ஒரு மூட்டைக்குள் ஒரே ஒரு பூச்சி. கடுகில் பாதிகூட இராது. போதாதா? கண்டெய்னர் முழுவதற்கும் விஷப்புகை போட்டார்கள். புகை பட்ட கிழங்கு ஒரு வாரம் தாங்காது. கடைக்குப் போவதற்குள் கூழாகிவிட்டது. “இங்கயே வந்து பாத்துட்டு ஏத்தச் சொல்லுங்களேன். பூச்சி இருக்கற மூட்டைய மட்டும் தூக்கிப் போட்டுடலாம்ல?” என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிப் பார்த்தாள். யார் கேட்பது? இன்னொரு கப்பல் இப்படிப் போனால் ஊரில் ஒருத்தரும் கிழங்கு நட மாட்டார்கள், கொட்டகையையும் மூடவேண்டியதுதான் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் இரண்டு நாடுகளுக்கும் தடையில்லா வணிகப் பேச்சு தொடங்கியது. விவசாயிகளின் குறைகளை எழுதிக்கொள்ளப் பெரிய நாட்டு அதிகாரி ஒருவர் ஊர் மண்டபத்துக்கு வந்தார், மொழிபெயர்க்க ஓர் ஆளோடு. பன்றி சுட்டு, சேப்பிலையில் இறைச்சியும் தேங்காய்ப்பாலும் பொதிந்து வேகவைத்து, அவருக்கு வயிறு முட்ட விருந்து. எல்லோரும் அந்த ஊர் மரியாதைப்படி இடுப்பில் பாய் சுற்றிக்கொண்டு, ஊர்ப் பிரபுவுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார்கள்.

“எங்கள் விதிகளால் உங்களுக்கு ஏதாவது குறை உண்டா?” என்று அதிகாரி கேட்டார்.

விருந்தாளி அல்லவா கேட்கிறார்! பிரபு முகம் மலர்ந்தார். “ஒரு குறையும் இல்லீங்க. நீங்க வந்ததே எங்க பாக்கியம்.” கிழங்கு முழுவதையும் பறிகொடுத்த செமிசியும் அதையேதான் சொன்னான். அவனுக்கு அடுத்தவரும் அப்படியே. அதிகாரி ஒரே வரி எழுதி நோட்டை மூடப் போனார்.

பிரபு பேசி முடித்தபின் சாதாரணக் குடும்பத்துப் பெண் வாய் திறக்கக் கூடாது. ஆனாலும் லோசலினே முழங்காலால் முன்னே நகர்ந்தாள். செமிசி அவள் பாயைப் பிடித்து இழுத்தான்.

“அக்கா, சும்மா இரு. மானத்த வாங்காத.”

“கிழங்கே போச்சு, மானத்த வச்சு என்னத்த அவிக்கிறது? விடுடா.”

பிரபுவில் தொடங்கி, சபையிலிருந்த ஒவ்வொரு குடும்பத்தையும் வரிசை தவறாமல் பெயர் சொல்லி வணங்கி மன்னிப்புக் கேட்டாள். அதற்கே ஐந்து நிமிஷம் ஆயிற்று. பிறகுதான் அதிகாரியைப் பார்த்தாள்.

“ஐயா, குறை இல்லன்னு இவங்க சொன்னத நம்பாதீங்க. விருந்தாளிகிட்டக் குறை சொல்ல எங்களுக்கு நாக்கு எழாது. காலு ஒடிஞ்சு கெடக்கறவரக் கேட்டாலும் ‘சுகமா இருக்கேன்’பாரு. நீங்க வேற மாதிரி கேளுங்க. போன கப்பல்ல எத்தனை மூட்டை அழுகுச்சுன்னு கேளுங்க. எல்லாரும் ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போறவங்க, பொய் சொல்லமாட்டாங்க.”

அதிகாரி செமிசியிடம் திரும்பிக் கேட்டார். செமிசி பிரபுவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

“நாப்பது ஐயா. நாப்பதும்.”

“எனக்கு இருபத்தஞ்சு” என்றார் அடுத்தவர். அதன்பிறகு வரிசையாக வந்தது. கடைசியில் அதிகாரி தயங்கித் தயங்கிப் பிரபுவைப் பார்த்தார்.

“எண்பது” என்றார் பிரபு. “ஒண்ணுகூட மிஞ்சல. அந்தம்மா சொல்றத எழுதிக்குங்க.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் லோசலினே லோசலினேதான். கப்பலேற்றும் முன் இங்கேயே சோதனை நடக்கவேண்டும் என்பதைச் சொல்லி முடித்த பிறகும் இடத்துக்குத் திரும்பவில்லை. முழங்காலாலேயே நகர்ந்து அதிகாரியின் நோட்டருகே போனாள்.

“எழுதிட்டீங்களா ஐயா? மொத வரிய அடிச்சிட்டு, இத வாசிங்க பாப்போம்.”

அவர் அடித்தார். வாசித்தார்.