தண்ணீருக்கு வந்த தொற்று

லேப்பில் அவருக்கு மந்திரம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. ஊர் முழுக்க மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரிகள் அவரிடம் வரும். அவற்றிலிருந்து வைரஸின் மரபணுவைப் பிரித்து, உள்ளங்கை அகலத் தட்டில் இருக்கும் குட்டிக் குட்டிக் குழிகளில் சொட்டுச் சொட்டாக விட்டு, மெஷினுக்குள் அனுப்புவது அவர் வேலை. மெஷின் அதை எழுத்தெழுத்தாகப் படித்துச் சொல்லும். இதுவரை பார்க்காத மாதிரி எழுத்துகள் மாறியிருந்தால் புது உருமாற்றம் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். ஊருக்கு மறுபடி ஊரடங்கு வந்தாலும் வரும்.

அந்த மெஷின் ஒரு மூதேவி. நினைத்தால் படிக்கும், நினைத்தால் மக்கர் பண்ணும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், தட்டை மூடுவதற்கு முன் மாஸ்க்கை இறக்கிவிட்டுக் குனிந்து, "சமத்தா போயிட்டு வாங்கடா கண்ணுங்களா" என்று சொல்லி அனுப்பினார். அன்றைக்கு மெஷின் பிசிறில்லாமல் படித்துத் தள்ளியது. அவ்வளவுதான், அதன்பிறகு இந்த வழியனுப்பு இல்லாமல் ஒரு தட்டும் உள்ளே போனதில்லை. மாஸ்க் போட்டபடி சொன்னால் பலிக்காது என்பது அவருடைய சொந்த ஆராய்ச்சி முடிவு. படித்த மனுஷன்தான், என்ன செய்வது! பின்னால் இருப்பவர்களுக்கு முணுமுணுப்பு மட்டும் கேட்கும், மாஸ்க் இறங்குவது தெரியாது. மந்திரம் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

இந்தக் கூத்து நடந்த வாரம் அவருக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான். மச்சான் வெள்ளிக்கிழமை பஸ் ஏற வேண்டும்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். தங்கையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒரு கைப்பையோடு வந்தவர். வந்த மறுநாள் ஊரடங்கு போட்டுவிட்டார்கள். அதை எடுப்பதற்குள் மச்சான் வீட்டையே பிடித்துக்கொண்டார். சோபா அவருடையது, ரிமோட் அவருடையது. பாத்ரூமுக்குள் போனால் கச்சேரி முடிந்துதான் கதவு திறக்கும். டூத் பேஸ்ட்டை நடுவயிற்றில் அமுக்குவார். மந்திரம் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "என்ன மாப்ள, இன்னைக்கு எத்தனை கிருமி மாட்டுச்சு?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார். தினமும் அதே கேள்வி, அதே சிரிப்பு. போதாக்குறைக்குக் கடைசியில் லொக் லொக் என்று இருமல் வேறு. "தூசி அலர்ஜி மாப்ள. உங்க வீட்ல யாரும் பெருக்குறதே இல்ல போல" என்று பழியை வீட்டின் மேல் போட்டார்.

மந்திரம் பல்லைக் கடித்துக்கொண்டார். பஸ் டிக்கெட்டைத் தானே எடுத்து, ஜன்னலோர சீட்டாகவும் பார்த்துக் கொடுத்தார்.

வியாழக்கிழமை காலை, மெஷின் படித்து முடித்த தட்டைத் திரையில் பார்த்தார். மாதிரிகள் எல்லாமே பழைய வகைதான். கடைசிக் குழியில்தான் வில்லங்கம். அதில் யாருடைய சளியும் கிடையாது, வெறும் தண்ணீர். வேலை சுத்தமாக நடக்கிறதா என்று சோதிக்க ஒவ்வொரு தட்டிலும் அப்படி ஒரு குழி வைப்பார்கள். அதில் ஒன்றும் வரக்கூடாது. ஆனால் வந்திருந்தது.

கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த லேப் தலைவி டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "தண்ணிக்கே தொற்றா? உருப்பட்ட மாதிரிதான்! எங்கயோ தெறிச்சிருக்கும். தட்டைத் தூக்கிப் போட்டுட்டு மறுபடி செய்யுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

விதியும் அதுதான். தூக்கிப் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் மந்திரம் வந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அது எங்கேயும் பார்க்காத புது வகை. பக்கத்துக் குழியிலிருந்து தெறித்திருந்தால் பக்கத்துக் குழியின் வைரஸ்தானே இருக்கவேண்டும்? இது அந்தத் தட்டில் வேறு யாரிடமும் இல்லை. அப்படியானால் வெளியிலிருந்துதான் விழுந்திருக்கிறது. அந்தத் தட்டின் மேல் வாயைத் திறந்த ஆள் உலகத்திலேயே ஒருவர்தான்.

'அப்போ எனக்குத்தான் இருக்கு' என்று புரிந்தது. அடுத்த மூச்சிலேயே, 'வீட்டுல இருமிக்கிட்டு இருக்கிற மகராசன் கொடுத்தது' என்று தீர்ப்பும் எழுதிவிட்டார்.

வாயைத் திறந்தால் மாஸ்க் குட்டு வெளிப்படும். வேலைக்கே உலை வைத்தாலும் வைப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மச்சான் ஊருக்குப் போகமாட்டார். இந்தக் கடைசி விஷயம்தான் அவரை உண்மையிலேயே அழவைத்தது. ஆனால் மச்சான் பஸ்ஸில் சும்மா வருகிற ஆசாமியா? முன் சீட்டுக்காரரிடம் குடும்பக் கதை கேட்பார், பின் சீட்டுக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சுவார். இறங்குவதற்குள் பஸ் முழுக்கச் சொந்தபந்தமாகிவிடும். நினைக்கவே பயமாக இருந்தது. மந்திரம் புது மாஸ்க் ஒன்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கூட்டம் நடந்த அறை வாசலில் தள்ளி நின்று எல்லாவற்றையும் சொன்னார்.

டாக்டரம்மா கேட்டார், "தட்டுகிட்ட பேசுவீங்களா?"

"ஆமா மேடம்."

"பதில் சொல்லுமா?"

"இத்தனை நாளா சொல்லல மேடம். இன்னைக்குத்தான் சொல்லியிருக்கு."

உள்ளே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "உங்க வாய அப்புறம் கவனிக்கிறேன். இப்ப வீட்ல எல்லாரும் மூக்கைக் காட்டிட்டுப் போய் அடைஞ்சு கிடங்க" என்றார்.

இருவருக்கும் தொற்று, மனைவிக்கு இல்லை. ஆகவே வீட்டின் பின்னறையில் மந்திரமும் மச்சானும் ஒன்றாக அடைக்கப்பட்டார்கள். இதைவிட ஜெயில் தேவலை என்று மந்திரம் சுவரைப் பார்த்துப் படுத்தார். மச்சானுக்கோ தலைகால் புரியவில்லை. புது வைரஸ், அதுவும் தன் மூக்கில்! சொந்தக்காரர் ஒருவர் விடாமல் போன் போட்டார். "கண்டுபிடிச்சது என் மாப்ள. கொடுத்தது நான்!"

மந்திரத்துக்குக் காய்ச்சல் ஏறியபோது அதே மச்சான்தான் ஈரத்துணியைப் பிழிந்து பிழிந்து நெற்றியில் போட்டார். தன் தலையணையையும் கொடுத்துவிட்டு, துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டார்.

சில நாள் கழித்து டாக்டரம்மா போனில் கூப்பிட்டார். "ரெண்டு பேரோடதும் படிச்சாச்சு. புது வகைதான். உங்ககிட்ட இருக்கிற மாற்றம் அத்தனையும் உங்க மச்சான்கிட்டயும் இருக்கு. அவர்கிட்ட கூடுதலா இன்னும் ஒண்ணு மாறியிருக்கு. ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்குப் போகப் போகத்தான் மாற்றம் கூடும். அதனால உங்ககிட்டேருந்து அவருக்குப் போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம்."

"அவருக்குத்தானே மேடம் முதல்ல இருமல் வந்தது?"

"முதல்ல இருமுறவர்தான் முதல்ல வாங்கினவர்னு யார் சொன்னா? உங்களுக்கு அது சத்தமில்லாம வந்திருக்கு."

போனை வைத்த மந்திரத்துக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இத்தனை நாள் மனதுக்குள் திட்டியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. "மச்சான், நான்தான் உங்களுக்குக் கொடுத்திருக்கேன்" என்றார்.

மச்சான் பதறி எழுந்து உட்கார்ந்தார். "அட போ மாப்ள! நான்தான் கொடுத்தேன்னு ஊர் முழுக்கச் சொல்லி வச்சிருக்கேனே!" போனைத் தள்ளி வைத்துவிட்டு, "சரி விடு. கல்யாணமான நாள்லேருந்து, அந்த பஸ் டிக்கெட்டைத் தவிர, நீயா எனக்குக் கொடுத்தது இது ஒண்ணுதான்" என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பானது.

மந்திரமும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்த மனுஷன் மேல் அவருக்கு முதல்முறையாகப் பாசம் பொங்கியது. "உடம்பு தேறினதும் உடனே கிளம்பாதீங்க மச்சான். இருந்து, மெதுவா போலாம்" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

கதவுக்கு வெளியே சாப்பாட்டை வைக்க வந்த மனைவி தட்டைக் கீழே வைத்துவிட்டு அவசரமாகக் குரல் கொடுத்தார்.

"அண்ணா, அவருக்குக் காய்ச்சல் தலைக்கு ஏறிடுச்சு, என்னமோ உளர்றாரு. நீ எதையும் காதுல போட்டுக்காத. உனக்கு நான் டிக்கெட் எடுத்தாச்சு!"