ரோடு வந்த பிறகு வந்த மணல்

1. சுண்ணாம்புச் சோதனை

திருடன் என்றால் ஒரு பொருளைக் கொண்டுபோகிறவன். எங்கள் மேல் விழுந்த பழி வேறு மாதிரி. அள்ளிய மணலை நாங்களே திரும்பக் கொண்டுவந்து ரோட்டில் கொட்டுகிறோம் என்பது பழி.

முப்பதுகளின் தொடக்கம், திருவிதாங்கூர் ராஜ்யம். அஞ்சுகிராமத்துக்குத் தெற்கே கடலைப் பார்த்துப் போகும் ரோட்டுக்கு நான் மேஸ்திரி. என் கீழே எட்டுப் பெண்கள், எல்லாரும் மிஷன் கோயில் தெருக்காரர்கள். ரோட்டுக்கு மேற்கே தேரி, அதாவது செம்மணல் மேடு. கிழக்கே ஒருவருடைய பனைவிளை, பனந்தோப்பு. கல் உடைத்துப் பரப்பி, உருளை இழுத்து அந்த ரோட்டைப் போட்டதும் நாங்கள்தான். முதல் வருடம் மணல் வரவில்லை. அடுத்த ஆடியில் ஓரமாகக் கொஞ்சம் வந்தது. அதற்கடுத்த ஆனி பிறந்ததும் முழங்கால் உயரத்துக்கு மூடி, பஸ் நின்றுபோனது.

பனைவிளைக்காரர் தன் பக்கம் மணல் கொட்ட விடவில்லை. அதனால் அள்ளியதை மேற்கே கொட்டினோம். மறுநாள் பார்த்தால் ரோட்டில் அதே அளவு கிடக்கும்.

நாகர்கோவிலிலிருந்து எஞ்சினீயர் வந்தார். காரை விட்டு இறங்கும்போதே முகம் சரியில்லை.

“நேத்து அள்ளுனது இன்னைக்கு அதே எடத்துல கெடக்கு. மணலுக்குக் கால் மொளைச்சிருக்கா வே? வேலை தீரப்படாதுன்னு நீங்களே கோரிப் போடுதியளா?”

“காத்து அடிக்கு, ஏமானே.”

“காத்து போன வருசமும் அடிச்சுது. அதுக்கு முந்தின வருசமும் அடிச்சுது.”

 அவர் மேற்குப் பக்கக் குவியல்கள் மேல் பொடிச் சுண்ணாம்பைத் தூவச் செய்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் ரோடெல்லாம் வெள்ளைப் பொட்டு. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் அவருக்கு. ஒன்பது பேரையும் நீக்கிவிட்டு வேறு ஆள் போடப் போவதாகச் சொன்னார். எட்டு வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் கூலியில்தான்.

பெண்களில் ஞானம்மாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். “ஏமானே, மத்தியானம் வரைக்கும் இஞ்சயே இரியும். நாங்க மம்பட்டியத் தொடல்ல. பொறவு வேலையை விட்டு நிறுத்தும்” என்றாள்.

என்ன நினைத்தாரோ, காரிலிருந்து நாற்காலியை இறக்கி, குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். உச்சி சாய்ந்ததும் மேற்கேயிருந்து மேல்காற்று பிடித்தது. குடை பனைவிளைக்குள் பறந்தது. சுண்ணாம்பும் மணலுமாகத் தரையோடு ஊர்ந்து வந்து அவருடைய பூட்ஸைப் பாதி மூடியது. கண்ணைக் கசக்கிக்கொண்டே காரில் ஏறினார்.

“சரி, உங்க கை இல்ல. ஆனா முன்ன வராத மணல் இப்ப ஏன் வருது? அதைக் கண்டுபிடிச்சுச் சொல்லும். இல்லேன்னா எப்பவும் அள்ளிக்கிட்டே இருக்க சர்க்கார் கூலி தராது.”

2. கொழிஞ்சி

யாரையும் சட்டென்று நம்புகிற வழக்கம் எனக்குக் கிடையாது. முதலில் பனைவிளைக்காரர் மேல் சந்தேகப்பட்டேன். பிறகு ஆடு மேய்க்கிறவர்கள் மேல். மேய்ச்சலுக்குப் பின்னாலேயே போய்ப் பார்த்ததில் ஆட்டுக்காரரிடம் திட்டு வாங்கியதுதான் மிச்சம். இந்த நாட்களில் தினமும் என்னைக் கும்பிட்டுப் போன ஒரு வண்டிக்காரன் மேல் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அவனே ஒருநாள் வண்டியை நிறுத்தினான்.

“மேஸ்திரி, தேரிக்கு ஏறுத தடம் ஒரே மணலாக் கெடக்கு. காளை முட்டு மடக்குது. நம்ம பொண்ணுவள விட்டுக் கொஞ்சம் சீராக்கித் தாரும்.”

வண்டி நிறையக் கொழிஞ்சிச் செடி. “எங்க போவுது?” என்றேன்.

“நாஞ்சில்நாட்டு வயலுக்குத்தான். கொழிஞ்சி மிதிச்ச வயலுக்கு வேற உரம் எதுக்கு?”

“எத்தனை வருசமா வாறீரு?”

“ரோடு வந்த பொறவுதான். முன்ன இந்த மணல்ல சக்கரம் உருளுமா? நீங்க புண்ணியவான் ரோடு போட்டுத் தந்திய, இப்ப நாப்பது வண்டி வருது.”

ஒரு கைப்பிடி உருவிப் பார்த்தேன். முழ நீளம் வேர். “அரிவாள் வச்சு அறுக்கப்படாதா?”

“குனிஞ்சு அறுத்தா நடு ஒடியும். மணல்தானே, இழுத்தா கையோட வருது. சுமையும் கனக்கும்லா.”

தேரி மேல் ஏறினேன். ரோடு போட்ட காலத்தில் பச்சை விரித்துக் கிடந்த மேற்குச் சரிவு மொட்டையாகிக் கிடந்தது. வேர் போன குழிகளிலிருந்து மணல் சரசரவென்று எழும்பிக்கொண்டிருந்தது.  மணலை அழைத்து வந்தது நாங்கள் போட்ட ரோடு. அந்த ரோட்டைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசித் திரிந்தவன் நான்.

3. குழி

எஞ்சினீயரிடம் சொன்னேன். 

“அந்தத் தழை யார் யார் வயலுக்குப் போவுதுன்னு தெரியுமா வே?”

“தெரியும், ஏமானே. உங்க அத்தான் வயலுக்கும் போவுது.”

“பாக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு அதிகாரி ‘பாக்கலாம்’ என்றால் பார்க்கமாட்டார் என்பது என் அனுபவம். மறுநாள் காலை வண்டித்தடம் ரோட்டை விட்டுப் பிரியும் இடத்தில், ரோட்டோரத்தையும் சேர்த்து இடுப்பளவு குழி வெட்டினோம். வண்டிகள் வந்து வரிசையாக நின்றன. பெண்கள் மம்பட்டியை மடியில் வைத்துக் குழிக்கரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் எஞ்சினீயர் வந்தார். முன் ஸீட்டில் அத்தானும் இருந்தார்.

“யாரு வெட்டச் சொன்னா?”

ஞானம்மாள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். “நான்தான்.”

எஞ்சினீயர் குழியைப் பார்த்தார், வண்டிகளைப் பார்த்தார், மொட்டைத் தேரியைப் பார்த்தார்.

“குழி கெடக்கட்டும். இனி ஒரு செடி வேரோட எறங்கப்படாது. அறுத்துக் கொண்டு போறவன் தலைச்சுமையாக் கொண்டு போவட்டும். பொண்ணுவளுக்கு வேலை உண்டு. ஆனா சர்க்கார் ரோட்டைக் கேக்காம வெட்டுனவன் மேஸ்திரியா இருக்கப்படாது.”

நியாயத்துக்காகச் சொன்னாரா, அத்தானைச் சமாதானப்படுத்த என் வேலையைப் பறித்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் நினைப்பது இரண்டாவது.

மறுநாளிலிருந்து நானும் கூலி. தேரியில் காற்றுக்குக் குறுக்கே பனமட்டையால் வரிசை வரிசையாக வேலி கட்டினோம். மழை விழுந்ததும் வேலிக்குப் பின்னால் கொழிஞ்சி விதை தூவி, பனங்கொட்டை புதைத்தோம். “அண்ணே, கொட்டையை ஆழமாப் போடும், மேஸ்திரி பாத்தா வைவாரு” என்று ஞானம்மாள் கேலி செய்வாள். சிரிப்பேன், உள்ளே வலிக்கும். மணல் ஒரே வருடத்தில் அடங்கவில்லை. பனைவிளையில் ஒரு மூலை மணலால் மூடியே போனது. ஆனால் எட்டு வீட்டிலும் அடுப்பு அணையவில்லை.

ரோடு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். புது ரோடு திறந்தால் எல்லாரும் அதில் என்ன வருகிறது என்றுதான் பார்ப்பார்கள். நீங்கள் எது வெளியே போகிறது என்று பாருங்கள். வண்டிக்காரன் கும்பிட்டாலும் விடவேண்டாம். இறங்கச் சொல்லி, தழையைத் தூக்கி, அடியில் வேர் இருக்கிறதா என்று பாருங்கள்.