கெட்டிமேளத்தில் நின்ற சாக்ஸபோன்

நேற்று வானொலியில் கென்ஜியின் சாக்ஸபோன் பாட்டின் நடுவே சட்டென்று நின்று, பிறகு தொடர்ந்தது. எனக்குச் சித்தியின் கல்யாணம் ஞாபகம் வந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. ஜப்பானிலிருந்து ஜாஸ் வாசிக்க வந்த கென்ஜி, பாரிஸின் லாச்சப்பல் பகுதி உணவகமொன்றில் அப்பாவோடு கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். நாதஸ்வரக்காரருக்குக் காய்ச்சல் என்றதும், வெங்காயம் மணக்கும் கோட்டோடு அவரையே அப்பா மணவறைக்கு முன்னால் உட்கார்த்திவிட்டார். தாலி கட்டும் நேரம் ஐயர் கையை உயர்த்தினார். கென்ஜியின் ஜாஸ் குழுவில் கை உயர்ந்தால் நிறுத்த வேண்டும், நிறுத்தினார். திகைப்பில் தவிலும் நின்றது. மண்டபம் முழுக்கச் சித்தியின் விம்மல் கேட்டது.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று அப்பா கத்தினார்.

நேற்றே சித்தியைத் தொலைபேசியில் அழைத்து, வானொலியில் கேட்டதைச் சொன்னேன். "அண்டைக்கு ஏன் சித்தி அழுதனீங்கள்?"



"அந்த ஜப்பான் மனுசன் இன்னும் அதை மறக்கேல்லையோ?" என்று கேட்டார் சித்தி.